மூன்றாம் மாடி ஜன்னல்

ஆறு வருஷம் அந்த ஜன்னல் யார்க்கோவுடையது.
பழைய பஞ்சாலை, மூன்றாம் மாடி, இடமிருந்து இரண்டாவது.
கண்ணாடி உடையும், அவ்வளவுதான்.
செங்கலில் குண்டு பட்டால்
சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு,
மூன்று எண்ணுவதற்குள் அதுவும் மறைந்துவிடும்.
ராக்கெட்டும் விட்டுப் பார்த்தோம்.
புகை விலகியதும் சுவர்
குளித்துவிட்டு வந்தவன்போல் நின்றது.

தம்பெரே நகரில் டிசம்பர் மாதம்
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
டிராம் ஓட்டி முடித்து நீலோ வருவான்.
பாலங்களின் சுமையைக் கணக்குப் போட்டுவிட்டு மெர்வி.
பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையிலிருந்து நான்.
எங்களுக்கு முன்பே எதிரணியில் அவன் இருப்பான்,
ஜன்னலில்.
செத்தவர்களுக்கு மட்டும் எல்லார் குரலும் கேட்கும் அந்த ஆட்டத்தில்.
யார்க்கோ காப்பி உறிஞ்சுவதை
நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஊர் எங்களுக்கு மனப்பாடம்.
ரொட்டிக் கடை முக்கில் குனி,
படிக்கட்டில் நிற்காதே,
முற்றத்தை ஒரே மூச்சில் கட.
ஆறு வருஷமும் ஒரே முக்கில் குனிந்தோம்,
நேர்த்திக்கடன்போல.

பிறகு புதிய பதிப்பு வந்தது.
நாற்பது ஜிபி. இறங்கி முடிக்க இரவு பத்தாகிவிட்டது.
இனி சுவர்கள் இடியும் என்றார்கள்.
நீலோ நம்பவில்லை.
ரொட்டிக் கடைக் கதவுக்குப் பக்கத்தில் சுட்டான்.
ஆள் நுழையும் ஓட்டை.
கதவு அப்படியே பூட்டிக் கிடந்தது.

அன்று யாரும் ஜன்னலைச் சுடவில்லை.
"கீழ்த்தளத்தில் எத்தனை தூண்?" என்றாள் மெர்வி.
ஆறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
தூண்கள் எங்களுக்கு ஒளிய மட்டுமே இருந்தன.
"வடக்கு மூலை, அதற்கடுத்தது. போதும்,"
என்றாள்,
பகலெல்லாம் விழாமலிருக்கக் கணக்குப் போடுகிறவள்.

முதலில் ஒரு முனகல்.
பிறகு தளத்தின்மேல் தளமாக
தறிகள், படிக்கட்டு, ஜன்னல், யார்க்கோ.
வெடி வைத்த நானும் ஓடித் தப்பவில்லை.
செத்தவர் வரிசையில் நாங்கள் இருவர்.
வெகுநேரம் காப்பிச் சத்தம்கூட இல்லை.
பிறகு கேட்டான்:
"கீழே இவ்வளவு இடமா இருந்தது?"

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
இங்கே சுவர் போன பிறகுதான்
யார் எங்கே பதுங்கியிருந்தார்கள் என்ற சித்திரமே தெரிகிறது.
ஒளிவிடம் இப்போது கைமாற்றுக் கடன்.
வாங்கிய இடத்தில் உட்கார்ந்திருந்தால்
கூரையோடு திருப்பிக் கேட்கிறார்கள்.
அடுத்த அறையில் தரை கிறீச்சிட்டால்
கதவைத் தேடுவதில்லை யாரும்.
சத்தம் வந்த இடம்தான் கதவு.

இருபதாவது நிமிடத்தில் ஊரே இருக்காது.
முழங்கால் உயரச் செங்கல்.
இருபத்து நான்கு பேர் வயிற்றால் ஊர்வோம்.
எந்த வீட்டிலிருந்து விழுந்ததோ,
ஒரு குளியல் தொட்டி மட்டும்
முற்றத்து நடுவில் முழுசாகக் கிடக்கும்.
டாங்கி ஏறினாலும் நசுங்காது.
நிரல் எழுதியவர் மறந்தாரோ,
மனசு வராமல் விட்டாரோ.
ஒருநாள் அதற்குள் மூன்று பேர் படுத்திருந்தோம்.
ஒருவன் எதிரணி.
யாரும் சுடவில்லை. கையைத் திருப்ப இடமில்லை.

யார்க்கோ நடக்கக் கற்றுக்கொண்டான்.
நல்ல நடை என்று சொல்ல முடியாது.
தானே தோண்டிய குழியில் விழுவான்.
விழும்போது சிரிப்பான்,
செத்தவர்களுக்கு மட்டும் கேட்கும்.

மறு ஆட்டம் தொடங்கினால் எல்லாம் எழுந்து நிற்கும்,
ரொட்டிக் கடை, திரைச்சீலை, பூட்டிய கதவு.
ஒரு துளி தூசி இருக்காது.
நேற்று அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது:
முதல் இருபது வினாடி விடுங்கள்,
ஜன்னலில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கொடுத்தோம்.
இரண்டு தூணிலும் வெடியைப் பொருத்திவிட்டு
முற்றத்துக்கு வந்து நிமிர்ந்தோம்.
இடமிருந்து இரண்டாவது.
துப்பாக்கியின் நுனி தெரியவில்லை,
ஆள் மட்டும்.
மெர்வி வாய்விட்டு எண்ணினாள்,
பத்தொன்பது வரை
நிதானமாக.